கிளெயர்வூட்டிலிருந்து ஜெனிவாவுக்கு: நவநீதம் பிள்ளை அம்மையாரின் பொதுவாழ்வு

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டனர். பாடசாலையின் ஸ்தாபகர் பற்றியும் முன்னாள் அதிபர்கள் பற்றியும் எழுத எம்மிலும் மூத்த அக்காமார் பலர் இருக்கின்றனர். ஆகவே நாம் எடுத்துக்கொண்டது எமது பாடசாலை வாசலை ஒருநாளும் மிதித்திராத ஒருவரின் வரலாறு. அவரும் ஒரு பெண்கள் பாடசாலையின் பழைய மாணவிதான். ஊரார் காசு சேர்த்துப் படிப்பித்த பிள்ளை என்பது அவருக்குரிய இன்னொரு சிறப்பு. எமது சங்கத்தின் புலமைப்பரிசில் நிதிக்கு ஆண்டுதோறும் சந்தா அனுப்பும் தோழியருக்கு இந்த இரண்டாவது செய்தி பிடிக்கும் என நினைக்கிறோம்.

நவநீதம் பிள்ளை 1941ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23ஆம் திகதி தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில், கிளெயர்வூட் என்ற பகுதியில் பிறந்தார். தகப்பனார் பஸ் சாரதி. முன்னோர் தமிழர். அந்த மக்கள் அங்கு போன கதை எமது மலையக மக்களின் கதையோடு ஒட்டியது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்ற கப்பல் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நேற்றால் மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இங்கே கோப்பியும் தேயிலையும், அங்கே கரும்பு. ஒப்பந்தம் முடிந்த பின்னர் அங்கேயே தங்கியோர் சிறுவியாபாரம், மரக்கறித் தோட்டம், கூலிவேலை என வாழ்ந்து, வயிற்றைக் கட்டிப் பள்ளிக்கூடங்களை எழுப்பினர். 1948 இல் இனஒதுக்கல் கொள்கை அரச கொள்கையாகியபோது நவநீதம் ஏழு வயதுக் குழந்தை.

அதற்கும் முன்னரே நீதிமன்றத்தை அவர் பார்த்துவிட்டார். தகப்பனாரின் சம்பளப் பணமான 5 பவுண் திருடப்பட்ட வழக்கில் ஆறு வயதில் சாட்சிக் கூண்டில் ஏறினார். திருடியவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். பணம் திரும்பி வரவில்லை. சட்டத்தால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தச் சட்டக் கல்லூரியும் கற்பிக்காது.

டேர்பன் இந்தியப் பெண்கள் உயர்தரப் பாடசாலையில் கற்றபோது, பதினாறு வயதில் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகளுக்கு மனித உரிமைகளைக் கற்பிப்பதில் தென்னாபிரிக்கப் பெண்களுக்குள்ள பங்கு என்பது பொருள். கட்டுரை அச்சில் வந்தது. அதைப் பார்த்த கிளெயர்வூட் இந்தியச் சமூகத்தினர், இந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போகவேண்டும் எனத் தீர்மானித்துத் தமக்குள் பணம் திரட்டினர். நேற்றால் பல்கலைக்கழகத்தின் 'ஐரோப்பியர் அல்லாதோர்' பிரிவில் 1963 இல் கலைமாணிப் பட்டமும் 1965 இல் சட்டமாணிப் பட்டமும் பெற்றார். அதே பிரிவின் மருத்துவபீடத்தில் அடுத்த ஆண்டு சேர்ந்த ஒரு மாணவர்தான் ஸ்டீவ் பீக்கோ. அவர் பற்றிச் சற்றுப் பின்னர் சொல்கிறோம்.

பட்டம் பெற்ற பெண்ணை வேலைக்கு எடுக்க எந்தச் சட்ட நிறுவனமும் முன்வரவில்லை. வெள்ளையரான ஊழியர் கறுப்புத் தோலுடைய ஒருவரிடமிருந்து கட்டளை பெறமுடியாது என்பதே காரணம். ஆகவே 1967 இல் தாமே ஒரு காரியாலயத்தைத் திறந்தார். நேற்றால் மாகாணத்தில் சொந்தச் சட்டக் காரியாலயம் திறந்த வெள்ளையரல்லாத முதற் பெண் அவரே. 'முதற் பெண்' என்ற அடைமொழி அவர் வரலாற்றில் பலமுறை வரும். வாசகிகள் சலித்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு முறையும் அது கதவு பூட்டப்பட்டிருந்தது என்பதற்கான சான்று.

அவர் காரியாலயம் திறந்த அதே 1967 இல்தான் தென்னாபிரிக்க அரசு பயங்கரவாதச் சட்டத்தை நிறைவேற்றியது. வழக்கின்றிக் காலவரையறையில்லாமல் தடுத்து வைக்க அச்சட்டம் இடமளித்தது. 1979 முதல் பயங்கரவாதத் தடைச் சட்டத்துடன் வாழ்ந்துவரும் எமக்கு விளக்கம் தேவையில்லை. நவநீதத்தின் கணவர் காபி பிள்ளையும் ஒரு சட்டத்தரணி. அவரையே இச்சட்டத்தின்கீழ் பிடித்துச் சென்றனர். மனைவி அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. விசாரணையின்போது சட்டவிரோத முறைகளைப் பொலிசார் கையாளக்கூடாது எனத் தடையுத்தரவு கோரி வழக்குத் தொடுத்து வென்றார். 1973 இல் ரொபன் தீவுச் சிறையில் இருந்த அரசியற் கைதிகள் சட்டத்தரணிகளைச் சந்திக்கும் உரிமையைப் பெற்றுக்கொடுத்தார். நெல்சன் மண்டேலா அப்போது அத்தீவிலேயே இருந்தார். தடுப்புக்காவலில் நடக்கும் சித்திரவதையும், தனிமைச் சிறை மனிதரின் மனதை என்ன செய்கிறது என்பதும் நீதிமன்றங்களில் வெளிப்பட அவரது வழக்குகள் உதவின.

இங்கே எமது தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீவ் பீக்கோ 1977 செப்ரெம்பர் 12ஆம் திகதி தடுப்புக்காவலில் மூளைக் காயத்தால் இறந்தார். இறப்பதற்கு முன்னர் அவரை அரச வைத்தியர்கள் பார்த்திருந்தனர். பார்த்தும் உண்மையை எழுதவில்லை. அவர்கள்மீது நடவடிக்கை எடுக்க அந்நாட்டு மருத்துவ சபைக்கு எட்டு ஆண்டுகள் சென்றன, அதுவும் சக வைத்தியர் சிலர் நீதிமன்றம் சென்று வற்புறுத்திய பின்னரே. சட்டத்தரணி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வைத்தியரின் குறிப்பு பொய்யாக இருந்தால் வழக்கு நிற்காது. சட்ட மருத்துவப் படிவத்தை நிரப்பும் ஒவ்வொரு முறையும் நாம் நினைத்துப் பார்ப்பது இதை.

அம்மையார் 1982 இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் சட்டமுதுமாணிப் பட்டமும் 1988 இல் சட்டக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அங்கு அக்கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது தென்னாபிரிக்கர் அவர். வீட்டு வன்முறைக்குள்ளான பெண்களுக்காக டேர்பனில் ஓர் ஆலோசனை நிலையத்தைத் தோற்றுவிப்பதில் பங்குகொண்டார். 1992 இல் 'ஈக்குவாலிற்றி நவ்' என்ற சர்வதேசப் பெண்ணுரிமை அமைப்பின் நிறுவுநர்களில் ஒருவரானார். புதிய தென்னாபிரிக்க அரசியலமைப்பின் சமத்துவ உறுப்புரைக்காகப் பெண்கள் கூட்டணி உழைத்தபோது அதிலும் இருந்தார். 1995 இல் ஜனாதிபதி மண்டேலா அவரை மேல் நீதிமன்றத்துக்குத் தெரிவுசெய்தார். அந்த ஆசனத்தில் அமர்ந்த வெள்ளையரல்லாத முதற் பெண். இருபத்தெட்டு வருடம் எந்த நீதிமன்றங்களில் எதிர்த்தரப்பாக நின்றாரோ அங்கேயே நீதிபதி. ஆனால் அந்த ஆசனம் சூடேறுவதற்குள் ஐ.நா. பொதுச்சபை அவரை ருவண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குத் தெரிவுசெய்துவிட்டது.

எமது பார்வையில் அவரது வாழ்வின் உச்சம் ஜெனிவா அல்ல, தன்சானியாவின் அருஷா நகரில் இயங்கிய இந்த நீதிமன்றமே. ருவண்டாவில் 1994 ஏப்ரல் முதல் யூலை வரையான ஏறக்குறைய நூறு நாட்களில் எட்டு இலட்சம் அளவிலானோர், பெரும்பாலும் துட்சி இனத்தவர், கொல்லப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் பாதுகாப்புச் சபை இந்நீதிமன்றத்தை அமைத்தது. ஆரம்ப ஆண்டுகளில் அங்கிருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை.

முதல் வழக்கு ஜோன் போல் அக்காயேசு என்பவர் மீது. தாபா என்ற ஊரின் நகர முதல்வர், அதற்கு முன்னர் ஆசிரியர். 1996 இல் தாக்கலான குற்றப்பத்திரத்தில் கொலை, இனப்படுகொலை, சித்திரவதை எல்லாம் இருந்தன. பாலியல் வல்லுறவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. புலனாய்வாளர்கள் கேட்கவில்லை, பெண்கள் சொல்லவில்லை. 1997 இன் தொடக்கத்தில் ஒரு தாய் சாட்சியமளிக்க வந்தார். கொலைகளைப் பற்றிச் சொல்ல வந்தவர், தமது ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததையும் சொன்னார். நீதிபதிகள் மேலும் கேட்டனர். கேட்கக் கேட்க, நகர முதல்வரின் காரியாலய வளவில் தஞ்சம் புகுந்த பெண்களுக்கு என்ன நடந்தது என்பது வெளிவரத் தொடங்கியது. அடுத்த சாட்சி தமக்கு நேர்ந்ததையே சொன்னார். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. யூனில் குற்றப்பத்திரம் திருத்தப்பட்டுப் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுக்கள் மூன்று சேர்க்கப்பட்டன.

1998 செப்ரெம்பர் 2ஆம் திகதி லைட்டி காமா, லெனார்ட் ஆஸ்பெக்ரென், நவநீதம் பிள்ளை ஆகிய மூவரும் தீர்ப்பளித்தனர். 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைச் சமவாயத்தின்கீழ் வழக்கை விளங்கி ஒருவரைக் குற்றவாளியாகக் கண்ட முதற் சர்வதேச நீதிமன்றத் தீர்ப்பு அது. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கோடு செய்யப்படும் பாலியல் வல்லுறவும் இனப்படுகொலையே என முதன்முதலாகச் சொன்னதும் அதுவே. போர் என்றால் அதுவும் நடக்கும், வென்றவன் கொள்ளையில் அதுவும் ஒரு பங்கு என்று ஆயிரமாயிரம் வருடம் உலகம் கடந்துபோன விடயம் அது. அக்காயேசுவுக்கு ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டது.

அத்தீர்ப்பு பாலியல் வல்லுறவுக்கு ஒரு வரைவிலக்கணத்தையும் தந்தது. வற்புறுத்தும் சூழ்நிலையில் ஒருவர்மீது நிகழ்த்தப்படும் பாலியல் தன்மையான உடல் அத்துமீறல் என்பது அதன் சாரம். எந்த உறுப்பு, எவ்வளவு என்ற கணக்கு அங்கில்லை. ஆயுதமேந்தியோர் சூழ்ந்து நிற்கும் இடத்தில் தனியாக ஒரு மிரட்டலை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்நீதிமன்றத்தின் விதிகளின்படி, பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியத்தை வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. எமது வெளிநோயாளர் பிரிவுக்கு அதிகாலையில் பொலிஸ் படிவத்தோடு அழைத்துவரப்படும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். 'காயம் இல்லை' என்று நாம் எழுதும் வரியை 'நடக்கவில்லை' என்று வாசிப்போர் இன்றும் இருக்கிறார்கள். வைத்திய மாணவர்களுக்கு அக்காயேசு தீர்ப்பின் அந்தப் பகுதியை ஒரு விரிவுரையிலாவது கற்பிக்கவேண்டும் என்பது எமது எண்ணம்.

அந்நீதிமன்றத்தின் தலைவராக 1999 முதல் 2003 வரை இருந்தார். கொலைக்குத் தூண்டிய வானொலி, பத்திரிகை நடத்துநர்கள் மூவர் மீதான வழக்கின் தீர்ப்பையும் 2003 டிசெம்பரில் அவர் தலைமையிலேயே வழங்கினர். மேன்முறையீட்டில் அதன் சில பகுதிகள் தள்ளுபடியாகித் தண்டனைகளும் குறைந்தன. ஆனாலும் ஒலிவாங்கிக்குப் பின்னால் இருப்பவரும் பொறுப்பாளியே என்பது நிலைத்தது. அதே ஆண்டு ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் 18 நீதிபதிகளில் ஒருவராகி மேன்முறையீட்டுப் பிரிவில் பணியாற்றினார்.

2008 செப்ரெம்பர் 1ஆம் திகதி ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகராகப் பொறுப்பேற்றார். எமது பத்திரிகைகள் 'ஆணையாளர்' என்றும் எழுதின, மக்கள் 'நவிப்பிள்ளை' என்று சுருக்கிக்கொண்டனர். இப்பதவி 1993 டிசெம்பரில் பொதுச்சபைத் தீர்மானத்தால் உருவானது. அவருக்கு முன்னர் இருந்தவர்களில் அயர்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மேரி றொபின்சனும், 2003 இல் பக்தாத் குண்டுவெடிப்பில் உயிரிழந்த சேர்ஜியோ வியேரா டி மெல்லோவும் அடங்குவர். பெயர் பெரிது, ஆனால் கையில் படையும் இல்லை, பிடியாணையும் இல்லை. ஐ.நா.வின் வழமையான வரவுசெலவில் ஏறக்குறைய 3 வீதமே அக்காலத்தில் இந்த அலுவலகத்துக்குக் கிடைத்தது. மீதிக்கு நாடுகளிடம் கையேந்த வேண்டும். எந்த நாடுகளைக் கண்டிக்க வேண்டுமோ அவற்றின் வாக்குகளாலேயே மனித உரிமைகள் பேரவை இயங்குகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அவர்மீது நாம் வைத்த நம்பிக்கையும் பின்னர் கொண்ட கோபமும் இரண்டுமே அளவுக்கு மிஞ்சியவை.

2009 மார்ச் 13ஆம் திகதி, வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது, இரு தரப்பினரதும் செயல்கள் போர்க்குற்றங்களாக இருக்கக்கூடும் என அவர் அறிக்கை விட்டார். ஜனவரி 20 முதல் 2,800க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டதாக அதில் இருந்தது. மே மாத இறுதியில் பேரவை விசேட அமர்வு கூடியது. சுதந்திரமான விசாரணை வேண்டும் என்றார் உயர்ஸ்தானிகர். பேரவை அதை ஏற்காமல் அரசைப் பாராட்டும் தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிராக 12, நடுநிலை 6. ஆதரித்தோரில் இந்தியாவும் இருந்தது. அவரது சொந்த நாடான, மண்டேலாவின் தென்னாபிரிக்காவும் இருந்தது.

இறந்தோரை எண்ணுவது பற்றி ஓர் ஒப்பீடு. சிரியப் போரில் கொல்லப்பட்டோர் ஆகக்குறைந்தது 59,648 பேர் என 2013 ஜனவரியில் அவரது அலுவலகம் அறிவித்தது. ஏழு பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பெயர், இடம், திகதி மூன்றும் தெரிந்த மரணங்களை மட்டுமே எண்ணிப் பெற்ற தொகை. வன்னிக்கு அப்படியொரு எண் இன்றுவரை இல்லை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் 40,000 வரை இருக்கக்கூடும் என்றது, வேறு தரப்பினர் வேறு தொகை சொல்கின்றனர். தற்காலிக வைத்தியசாலைகளாக மாறிய பாடசாலைக் கட்டடங்களில் அனுமதிப் பதிவேடு எழுத நேரமும் தாளும் இல்லாத நாட்கள் அவை. எழுதப்படாத பதிவேடு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அன்று நாம் உணர்ந்திருக்கவில்லை.

அவரது ஏனைய பணிகளைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். சாதி ஒடுக்குமுறையை ஒழிக்கவேண்டும் என வெளிப்படையாக எழுதினார். அதை வாசித்துக் கைதட்டும் முன் எமது ஊர்க் கிணறுகளையும் கோயில் வீதிகளையும் நாம் நினைத்துப் பார்க்கலாம். பாலியல் நாட்டம் காரணமாக மனிதர் துன்புறுத்தப்படுவது பற்றிய ஐ.நா.வின் முதல் அறிக்கை 2011 இல் அவர் காலத்தில் வந்தது. தோழியர் சிலருக்கு இது சங்கடமாக இருக்கலாம். தற்கொலைக்கு முயன்று விடுதியில் அனுமதிக்கப்படும் இளையோரைக் காணும் எமக்கு அச்சங்கடம் இல்லை.

2013 ஓகஸ்ட் 25 முதல் 31 வரை அவர் இலங்கையில் இருந்தார். தாம் ஒரு தனி நாட்டுக்கு மேற்கொண்ட மிக நீண்ட உத்தியோகபூர்வ விஜயம் இதுவே என்றார். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை எங்கும் சென்றார். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படங்களை நெஞ்சோடு அணைத்தபடி வீதியோரம் நின்றதை நாம் கண்டோம். அவரது தமிழ்ப் பெயரை வைத்தே அவரைப் புலி என்றனர் சிலர், எங்கட ஆள் என்றனர் வேறு சிலர். இரண்டையும் அவர் ஏற்கவில்லை. தாம் தென்னாபிரிக்கர், அதில் பெருமை கொள்பவர் எனக் கொழும்பு ஊடகவியலாளர் மாநாட்டில் சொன்னார். நாடு மேலும் மேலும் சர்வாதிகாரப் போக்கில் செல்கிறது என்றார். தம்மைச் சந்தித்த மக்களின் வீடுகளுக்குப் படையினரும் பொலிசாரும் சென்று விசாரித்ததைக் கடுமையாகக் கண்டித்தார். அதே மேடையில் விடுதலைப் புலிகளையும் கொலைகார இயக்கம் என்று சொன்னார். அந்தப் பகுதியைத் தமிழ்ப் பத்திரிகைகள் சில சின்ன எழுத்தில் போட்டன, முந்திய பகுதியை வேறு பத்திரிகைகள் சின்ன எழுத்தில் போட்டன. முழு அறிக்கையையும் வாசித்தோர் எத்தனை பேரோ தெரியாது. நீதிபதியாக இருந்தவர் நீதிபதியாகவே பேசினார் என்பது எமது அபிப்பிராயம். எமக்கு வேண்டியது வக்கீல். அவர் அந்த வேலைக்கு வரவில்லை.

2014 மார்ச் 27ஆம் திகதி பேரவை 23 ஆதரவு, 12 எதிர்ப்பு, 12 நடுநிலை என்ற வாக்குகளால் இலங்கை மீதான விசாரணையை அவரது அலுவலகத்திடம் ஒப்படைத்தது. 2009 இல் தோற்ற கோரிக்கை ஐந்து வருடத்தின் பின் வென்றது. பின்லாந்தின் மார்ட்டி அஹ்டிசாரி, நியூசிலாந்தின் சில்வியா கார்ட்ரைட், பாகிஸ்தானின் அஸ்மா ஜஹாங்கீர் ஆகியோரை ஆலோசகர்களாக நியமித்துவிட்டு, ஓகஸ்ட் இறுதியில் அவர் ஓய்வுபெற்றார். குழுவினர் நாட்டுக்குள் வர அனுமதிக்கப்படவில்லை. அறிக்கை 2015 செப்ரெம்பரில் அடுத்தவரான செயிட் ராட் அல் ஹுசெய்ன் காலத்தில் வெளியாயிற்று.

ஓய்வு என்பது அவர் அகராதியில் இல்லைப் போலும். றொஹிங்கியா மக்கள் தொடர்பாக மியன்மாருக்கு எதிராகக் கம்பியா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றத்தின் சிறப்பு நீதிபதியாக நியமிக்கப்பட்டார். 2021 முதல் பலஸ்தீனப் பிரதேசமும் இஸ்ரேலும் பற்றிய ஐ.நா. விசாரணை ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். காசாவில் நடப்பது இனப்படுகொலையே என 2025 செப்ரெம்பரில் அவ்வாணைக்குழு அறிக்கையிட்டது, இஸ்ரேல் அதை முற்றாக நிராகரித்தது. அந்த மாதம் அவருக்கு எண்பத்துநான்கு வயது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் தொடங்கிய போராட்டம் முடியவில்லை. அவர்களிற் பலர் எமது கிளினிக்குக்கு மாதாமாதம் வருகின்றனர். சிலருக்குச் சலரோகம், சிலருக்கு இரத்த அழுத்தம், எல்லோருக்கும் நித்திரை இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்தக் கொட்டிலில் படங்கள் கூடுகின்றன, ஏனெனில் காத்திருந்தே இறந்துபோன தாய்மாரின் படங்களையும் இப்போது அங்கே மாட்டுகிறார்கள். 2021 மார்ச்சில் பேரவை நிறைவேற்றிய இன்னொரு தீர்மானத்தின்படி, ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பிரிவொன்று ஜெனிவா அலுவலகத்தில் இயங்குகிறது. எதிர்காலத்தில் ஏதேனும் ஒரு நாட்டில் ஒரு வழக்கு நடந்தால் பயன்படட்டும் என்பதற்காக.

சென்ற மாதம் ஓர் அம்மா, மருந்துக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, நவிப்பிள்ளை அம்மாவின்ர ஆக்களுக்கு நான் எழுதிக் குடுத்த கடுதாசி இன்னும் அங்கை இருக்குமோ?" எனக் கேட்டார். இருக்கும் அம்மா, அந்தக் கடதாசிகளை வைத்திருப்பதுதான் அவர்களின் வேலை என்றோம். அப்படியென்றால் இன்னொன்றும் எழுதவேண்டும், அப்போது மகனின் நெற்றித் தழும்பைச் சொல்ல மறந்துவிட்டேன் என்றார். தழும்பு எந்தப் பக்கம், எத்தனை அங்குலம், எந்த வயதில் விழுந்து வந்தது என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்.